அழிந்த படங்களை மீட்டுத் தரும் செயலிகள்: கிராஞ்சி ஊழியர்கள் எதை நம்பலாம்?

கிராஞ்சி தங்குவிடுதிகளில் வசிக்கும் தமிழ்நாட்டு ஊழியர்களின் கைப்பேசியைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு வகைப் படங்கள் இருக்கும். ஒன்று, ஊரில் பிள்ளைகள் வளர்வதைக் காட்டும் குடும்பப் படங்கள். மற்றது, வெளியாள் பார்த்தால் எதற்காக எடுத்தார்கள் என்றே புரியாத படங்கள்: டைம் கார்டின் பக்கங்கள், சம்பளச் சீட்டு, காயம்பட்ட விரல், மருந்தகத்தில் கொடுத்த மருத்துவ விடுப்புச் சீட்டு, வேலை அனுமதி அட்டையின் இரு பக்கங்கள்.

முதல் வகைப் படம் அழிந்தால் மனம் நோகும். இரண்டாவது அழிந்தால் பணமும் போகலாம். டைம் கார்டை மாதந்தோறும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யுசி2 போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. தங்குவிடுதிகளில் வசிக்கும் வேலை அனுமதிதாரர்களுக்குச் சம்பளத்தை மின்னியல் முறையில் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்பது 2020 ஜூலையிலிருந்து விதி. ஆனால் வங்கிக் கணக்கு எவ்வளவு பணம் வந்தது என்பதை மட்டுமே காட்டும். எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்தார், அதற்குரிய ஒன்றரை மடங்கு ஊதியம் வந்ததா என்பதை டைம் கார்டுதான் காட்டும்.

அந்தப் படங்கள் தவறுதலாக அழிந்துபோனால் ஊழியர் முதலில் செய்வது, யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் வழி தேடுவது. ‘ஒரே தட்டலில் பழைய படங்கள் அனைத்தும் திரும்ப வரும்’ என்று சொல்லும் செயலிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சொன்னதைச் செய்ய முடியாதவை. சில ஆபத்தானவை. இதில் வருத்தத்துக்குரியது என்னவென்றால், படம் உண்மையிலேயே மீளக்கூடிய நாள்கள் இந்தச் செயலிகளை முயன்று பார்ப்பதிலேயே கழிந்துவிடுகின்றன.

முப்பது நாளா, அறுபது நாளா?

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டெலிட்’ அழுத்தியவுடன் படம் அழிவதில்லை. அது ஒரு குப்பைத்தொட்டிக்குப் போகிறது. கூகல் ஃபோட்டோஸ் செயலியில், இணையச் சேமிப்பில் ஏற்கெனவே பிரதி எடுக்கப்பட்ட படம் என்றால் 60 நாள்கள் அந்தத் தொட்டியில் இருக்கும். பிரதி எடுக்கப்படாத படம் என்றால் 30 நாள்கள்தான். சாம்சுங் கைப்பேசியின் கேலரியில் தனியாக ஒரு தொட்டி உண்டு. அதற்கும் 30 நாள்கள். கோப்புகளை நிர்வகிக்கும் ‘ஃபைல்ஸ்’ செயலியிலும் ஒன்று உண்டு.

குழப்பம் தொடங்குவது இங்குதான். ஒரே கைப்பேசியில் இரண்டு மூன்று தொட்டிகள் இருப்பது பலருக்குத் தெரியாது. கேலரியில் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவுகட்டியவரின் படம் கூகல் ஃபோட்டோஸ் தொட்டியில் கிடக்கலாம். கைப்பேசியில் இரண்டு கூகல் கணக்குகள் இருந்தால், படம் மற்றொரு கணக்கில் பத்திரமாக இருக்கவும் வாய்ப்புண்டு. கூகல் ஃபோட்டோஸில் வலப்பக்க மேல்மூலையில் உள்ள முகப்படத்தைத் தட்டினால் எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பது தெரியும். கைப்பேசி வாங்கிய கடையிலேயே கணக்கையும் திறந்து வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய கைப்பேசியில் ஒரு கணக்கும் புதியதில் வேறொரு கணக்கும் இருப்பது அரிதான சங்கதியன்று.

வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருந்தால் வழி இன்னும் எளிது. அனுப்பியவரிடம் அது இருக்கும். மனைவிக்கு அனுப்பிய டைம் கார்டு படம் மனைவியின் கைப்பேசியில், தெளிவு சற்றுக் குறைந்திருந்தாலும், படிக்கும்படி இருக்கும். தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாத இந்த மீட்பு வழியைத்தான் பலரும் கடைசியாக நினைத்துப் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடலை நீக்கும்போது, அதில் வந்த படங்களையும் கைப்பேசியிலிருந்து நீக்கட்டுமா என்று கேட்கும் ஒரு கட்டம் வரும். அதைக் கவனிக்காமல் தட்டியதால் படங்களை இழந்தவர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

அதற்குப் பிறகு ஏன் முடியாது?

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு மீட்புச் செயலிகள் ஓரளவு வேலை செய்தன. அன்று நினைவக அட்டையில் சேமித்த படத்தை அழித்தால், அட்டையின் அட்டவணையிலிருந்து பெயர் மட்டுமே நீங்கும். படம் அதே இடத்தில் கிடக்கும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை தேடி எடுக்கலாம். அந்தக் காலத்து நினைவுதான் இன்றும் விளம்பரங்களாக உலவுகிறது.

இன்றைய ஆண்ட்ராய்டு வேறு. ஆண்ட்ராய்டு 10 பதிப்பிலிருந்து, புதிதாக விற்பனைக்கு வரும் கைப்பேசிகள் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே மறையாக்கம் செய்ய வேண்டும் என்பது கட்டாயம். வீடு முழுவதற்கும் ஒரே பூட்டு என்ற நிலை மாறி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பூட்டு என்றாகிவிட்டது. படம் தொட்டியிலிருந்தும் நீங்கும்போது அதைத் திறப்பதற்கான குறிப்பும் சேர்ந்தே போகிறது. மேலும், காலியான இடத்தைக் கைப்பேசி தானாகவே அவ்வப்போது துடைத்து வைக்கிறது. எனவே உள்நினைவகத்திலிருந்து முழுமையாக நீக்கப்பட்ட படத்தைத் தேடும் செயலிக்கு, எஞ்சியிருக்கும் துணுக்குகள்கூட அர்த்தமற்ற எழுத்துக்குவியலாகத்தான் தெரியும்.

அப்படியானால் சிலருக்கு இந்தச் செயலிகள் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துக் காட்டுகின்றனவே என்ற கேள்வி எழும். காட்டுவது உண்மைதான். அவை பெரும்பாலும் கேலரி தன் வசதிக்காகச் செய்துவைத்த சிறு உருப்படங்கள், செயலிகளின் தற்காலிகக் கோப்புகள், இன்னும் அழியாமலே இருக்கும் படங்கள். சிறு உருப்படத்தில் குழந்தையின் முகம் தெரியலாம்; டைம் கார்டில் எழுதியிருக்கும் மணிக்கணக்கைப் படிக்க முடியாது. ‘1,200 படங்கள் கண்டுபிடிக்கப்பட்டன, மீட்கப் பணம் செலுத்துங்கள்’ என்று ஒரு செயலி சொன்னால், அந்த 1,200இல் எத்தனை படங்கள் உண்மையிலேயே தொலைந்தவை என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

‘ரூட்’ செய்தால் எடுத்துவிடலாம் என்ற யோசனையும் அடிக்கடி காதில் விழும். கைப்பேசியின் முழு அதிகாரத்தையும் செயலிக்குக் கொடுக்கும் முறை அது. அதற்கு முதலில் கைப்பேசியின் தொடக்கப் பூட்டைத் திறக்க வேண்டும். பாதுகாப்புக்காக, அந்தப் பூட்டைத் திறக்கும்போதே கைப்பேசி தன்னிடமுள்ள எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. ஒரு படத்தைத் தேடப்போய் இருக்கிற படங்களையும் பறிகொடுப்பதுதான் மிச்சம்.

விதிவிலக்குகள் இரண்டு உண்டு. படங்கள் தனி நினைவக அட்டையில் சேமிக்கப்பட்டிருந்தால், பழைய முறை இன்றும் பலிக்கலாம். உடனே அட்டையைக் கழற்றிவிட வேண்டும்; அதில் புதிதாக ஒரு படம்கூட எடுக்கக்கூடாது. கணினியில் அட்டையைச் செருகி, ‘ஃபோட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். அட்டையைக் கைப்பேசியின் உள்நினைவகத்தோடு இணைத்து வைத்திருந்தால் அதுவும் மறையாக்கப்பட்டிருக்கும். அப்போது இந்த வழியும் இல்லை.

இரண்டாவது, படம் அழியாமல் கைப்பேசி மட்டும் பழுதான நிலை. வேலையிடத்தில் கீழே விழுந்து திரை நொறுங்கியது, மழையில் நனைந்தது போன்றவை. இங்கே படங்கள் உள்ளேயே இருக்கின்றன. திரையை மாற்றினாலோ பலகையைப் பழுதுபார்த்து உயிர்ப்பித்தாலோ அவை திரும்பக் கிடைக்கும். சில்லை மட்டும் கழற்றிப் படங்களை எடுப்பது இன்றைய கைப்பேசிகளில் நடக்காது. திறவுகோல் அந்தக் கைப்பேசியின் செயலகத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கிராஞ்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறைய ஒரு மணி நேரம் பயணம் செய்து லிட்டில் இந்தியா கடைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோகிறவர், பழுது இந்த வகையா அல்லது அழிந்த படத்தைத் தேடுவதா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதலாவதற்குக் கொடுக்கும் பணத்தில் பொருள் உண்டு. இரண்டாவதற்கு முன்பணம் கேட்கும் கடையிடம், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.

படத்தைத் தேடப்போய்ப் பணத்தை இழப்பது

சிங்கப்பூரில் நச்சு நிரல் மூலம் நடக்கும் மோசடிகள் 2023ஆம் ஆண்டில் பெரிய பிரச்சினையாக வெடித்தன. அந்த ஓராண்டில் 1,899 சம்பவங்கள் பதிவாயின, குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி பறிபோனதாகக் காவல்துறை தெரிவித்தது. வீட்டைச் சுத்தம் செய்யும் சேவை, டுரியான் சுற்றுலா, மூன்கேக் எனச் சமூக ஊடக விளம்பரங்கள் வந்தன. தொடர்புகொண்டவர்களிடம், ஒரு செயலியை வாட்ஸ்அப் இணைப்பிலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்தச் செயலி குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படித்தது, திரையில் தட்டுவதைக் கவனித்தது, வங்கிக் கணக்கைக் காலி செய்தது. சில சம்பவங்களில், பணத்தை எடுத்த பிறகு தடயம் இருக்கக்கூடாது என்று கைப்பேசியையே தொடக்க நிலைக்கு மாற்றிவிட்டார்கள். பணத்தோடு படங்களும் போயின.

இதையடுத்து, 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் இணைந்து கூகல் ஒரு தடுப்பு முறையை இங்கே சோதனை முயற்சியாக அறிமுகப்படுத்தியது. உலாவி, வாட்ஸ்அப் போன்ற வழிகளில் இறக்கப்படும் செயலி நான்கு குறிப்பிட்ட அனுமதிகளில் எதையாவது கேட்டால், அதை நிறுவவிடாமல் ‘பிளே புரொடெக்ட்’ தடுத்துவிடும். குறுஞ்செய்தியைப் பெறுவது, படிப்பது, அறிவிப்புகளைக் கவனிப்பது, உடற்குறையுள்ளோருக்கான அணுகல் வசதியைப் பயன்படுத்துவது ஆகியவையே அந்த நான்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் படங்களைப் பார்க்கும் அனுமதி அந்த நான்கில் இல்லை. அழிந்த படத்தை மீட்பதாகச் சொல்லும் செயலி இயல்பாகவே கேட்பது அந்த அனுமதியைத்தான்: எல்லாப் படங்களையும், எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் உரிமை. மற்ற செயலி கேட்டால் சந்தேகப்படும் பயனாளர், மீட்புச் செயலி கேட்டால் தயங்காமல் கொடுத்துவிடுவார். வேலையே அதுதானே என்று நினைப்பார். அந்தப் படங்களுக்கு நடுவில்தான் கடப்பிதழ், வேலை அனுமதி அட்டை, வங்கிப் புத்தகம், எப்போதோ எழுதிப் படம் எடுத்து வைத்த கடவுச்சொல் எல்லாம் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் ‘ஸ்பார்க்கேட்’ என்ற நச்சு நிரலைப் பற்றிக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் எச்சரித்தது. கேலரியில் உள்ள படங்களில் இருக்கும் எழுத்துகளைப் படித்து, மின்னிலக்க நாணயக் கணக்கின் மீட்புச் சொற்களைத் திருடுவது அதன் வேலை. கூகல் பிளே ஸ்டோரிலேயே இருந்த சில செயலிகளில் அது ஒளிந்திருந்தது.

அடுத்த கட்ட நடவடிக்கை 2026 செப்டம்பரில் வருகிறது. தன் அடையாளத்தைப் பதிவுசெய்யாத நிரலாளரின் செயலியைச் சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வழக்கமான முறையில் நிறுவ முடியாது என்று கூகல் 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தது. இந்த விதி முதலில் நடப்புக்கு வரும் நான்கு நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. மற்றவை பிரேசில், இந்தோனீசியா, தாய்லாந்து. அபாயத்தை அறிந்தே நிறுவ விரும்பும் அனுபவசாலிகளுக்கு ஒரு தனி வழி இருக்கும் என்று பின்னர் நிறுவனம் விளக்கியது. விமான நிலையத்தில் பயணியின் அடையாளத்தைச் சரிபார்ப்பதோடு இந்த விதியைக் கூகல் ஒப்பிட்டது. பையைச் சோதிப்பது வேறு வேலை. அதாவது செயலியைச் செய்தவர் யார் என்று தெரியும். அது சொன்னதைச் செய்யுமா என்பதற்கு இந்த விதி உத்தரவாதம் தராது. அடையாளம் பதிவுசெய்த ஒருவர், சிறு உருப்படங்களைக் காட்டிவிட்டுப் பணம் வாங்குவதை இது நிறுத்தப்போவதில்லை.

ஒரு செயலியை நிறுவிய பிறகு சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம். வங்கிச் செயலியும் அதே கைப்பேசியில் இருந்தால், முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைப்பது அவசரம்.

நிரம்பிப்போன 15 ஜிபி

படம் தொலைவதற்கான காரணம் பெரும்பாலும் அழித்த நாளுக்கு வெகுநாள் முன்பே தொடங்கியிருக்கும். 2021 ஜூன் 1 வரை கூகல் ஃபோட்டோஸ் சற்றுக் குறைந்த தரத்தில் எத்தனை படங்களையும் இலவசமாகச் சேமித்தது. தங்குவிடுதிகள் 2020 ஏப்ரலில் மூடப்பட்டு, ஊரில் நடந்த கல்யாணத்தையும் சாவையும் திரையில் பார்த்த மாதங்களின் படங்கள் அந்த ஏற்பாட்டில் சேமிக்கப்பட்டிருந்தால், அவை இன்றும் இடத்தைப் பிடிப்பதில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு ஏற்றப்பட்ட ஒவ்வொரு படமும் 15 ஜிபி இலவச ஒதுக்கீட்டில் கணக்கிடப்படுகிறது. மின்னஞ்சலுக்கும் அதே இடம்தான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் எடுத்துவைக்கும் பிரதியும் 2024 முதல் அதே கணக்கில் சேர்கிறது. ஊர்க் குழுவில் தினமும் வரும் ‘காலை வணக்கம்’ காணொளிகள் டைம் கார்டுக்கான இடத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன.

இடம் நிரம்பியதும் படங்களைப் பிரதி எடுப்பது நின்றுவிடும். பழைய படங்கள் கணக்கில் தெரிவதால், புதியவையும் சேமிக்கப்படுகின்றன என்றே பயனாளர் நினைத்திருப்பார். ஒரு நாள் கைப்பேசியிலும் இடம் தீர்ந்து, எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்று அழித்தால், கடைசிச் சில மாதப் படங்களுக்கு வேறு பிரதி இருக்காது. சம்பளத் தகராறில் தேவைப்படுவது அநேகமாக அந்தக் கடைசி மாதங்கள்தான். இன்னொரு பொறியும் உண்டு: கூகல் ஃபோட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை ‘டெலிட்’ செய்தால் அது கைப்பேசியிலிருந்தும் இணையத்திலிருந்தும் சேர்ந்தே போகும். கைப்பேசியில் மட்டும் இடத்தைக் காலி செய்ய அதே செயலியில் வேறொரு தெரிவு இருக்கிறது.

படம் போய்விட்டால் புகார் செய்ய முடியாதா?

படம் தொலைந்த ஊழியர்கள் பலர் இத்துடன் வழக்கே முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஊழியரின் வேலை நேரம், கூடுதல் நேரம், சம்பளம் பற்றிய பதிவுகளைக் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு வைத்திருப்பது முதலாளியின் கடமை. ஊழியர் வேலையைவிட்டு நின்ற பிறகும் ஓராண்டுக்கு அவற்றை வைத்திருக்க வேண்டும். விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். சொந்தப் படம் இருந்தால் முதலாளியின் பதிவை அதோடு ஒப்பிடலாம். அது இல்லாததால் மட்டும் புகார் செய்யும் உரிமை போய்விடாது.

காலக்கெடுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. சம்பளப் புகாரை, தகராறு எழுந்ததிலிருந்து ஓராண்டுக்குள் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியிடம் கொண்டுசெல்ல வேண்டும். வேலையைவிட்டு நின்றவருக்குக் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதங்கள் மட்டுமே. படத்தை மீட்டுவிட்டுப் போகலாம் என்று ஒவ்வொரு செயலியாக முயன்று பார்ப்பவருக்கு இந்த மாதங்கள் கரைந்துபோகும். கூடவே வேலை பார்த்தவர்களின் கைப்பேசியில் அதே வேலையிடத்தின், அதே நாளின் படங்கள் இருக்கலாம். குழுவாக அனுப்பிய குறுஞ்செய்திகள், மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேலை உத்தரவுகள் ஆகியவற்றையும் சேகரிக்கலாம்.

ஊர் திரும்பும் நாள்

வேலை அனுமதி முடிந்து ஊர் திரும்புவோருக்குக் கடைசியாக ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கூகல் கணக்குக்கு மீட்பு எண்ணாகப் பலர் கொடுத்திருப்பது சிங்கப்பூர் எண். முன்கட்டண சிம் அட்டையில் பணம் நிரப்பாமல் விட்டால் அந்த எண் காலாவதியாகும். திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ புதிய கைப்பேசி வாங்கி, பழைய கணக்கைத் திறக்க முயலும்போது, உறுதிக் குறியீடு இல்லாத அந்த எண்ணுக்குப் போகும். கடவுச்சொல் கடைக்காரருக்குத்தான் தெரியும் என்றால் கதவு அங்கேயே மூடிக்கொள்ளும்.

இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிப்பட்ட கணக்குகளை, அவற்றில் உள்ள படங்களோடு சேர்த்து நீக்கும் கொள்கையைக் கூகல் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. அதற்குப் பிறகு எந்தத் தொட்டியிலும் தேட முடியாது.

விமானம் ஏறுவதற்குமுன் கணக்கின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் மீட்பு எண்ணை இந்திய எண்ணாக மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றிக்கொள்ளலாம். நம்பகமான குடும்பத்தினரை ‘மீட்புத் தொடர்பு’ என்று சேர்க்கும் வசதியைக் கூகல் 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. கணக்கு பூட்டிக்கொண்டால் அவர்கள் மூலம் அடையாளத்தை உறுதிசெய்யலாம். டைம் கார்டு, சம்பளச் சீட்டுப் படங்களை மட்டும் ஓர் ஆல்பமாகச் சேர்த்து, வீட்டில் உள்ள ஒருவரின் கணக்கோடு பகிர்ந்து, அவர் அவற்றைத் தம் கணக்கில் சேமித்துக்கொண்டால் இரண்டாவது பிரதியும் கிடைத்துவிடும். இவை அனைத்தையும் சிங்கப்பூர் எண் உயிரோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும்.